சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டம்

சன்னல் சீட்டை நீங்களே வெச்சுக்கங்க்கா, எனக்கு வேண்டாம். மடியில லேப்டாப் இருக்குது, வெயில் பட்டா ஒண்ணும் தெரியாது. பையைக் கீழ வெக்காதீங்க, எண்ணெய்க் கறையாக் கெடக்குது. இப்படி நடுவுல வெய்யுங்க. நான் குண்டடம் போறேன். நீங்க தாராபுரமா? அப்ப எனக்கு முன்னாடி எறங்க மாட்டீங்க. நல்லதாப் போச்சு. சிங்காநல்லூர்ல பஸ் ஏறுனதுல இருந்து பேச ஆளில்லாம வாய் நமநமங்குது.

குண்டடத்துல ஒறம்பரை வீடான்னா கேக்கறீங்க? ஒறம்பரையும் இல்ல, சொந்தபந்தமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அங்க அம்சவேணின்னு ஒரு பொண்ணு இருக்கா. அவ மொகத்தை நான் பார்த்ததில்ல. ரெண்டே தடவை ஃபோன்ல பேசியிருக்கேன், ரெண்டாவது தடவை பேசிட்டிருக்கும்போதே வெச்சுட்டா. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள அவ ஒரு விண்ணப்பம் அனுப்பணும். அனுப்பலைன்னா அவளுக்கு ஒரு வருசம் போச்சு. அதுக்குத்தான் போறேன். மன்னிப்புக் கேக்கப் போறேன்னு மட்டும் நெனச்சுக்காதீங்க. நான் எந்தத் தப்பும் பண்ணல. அதை மொதல்லயே சொல்லிடறேன்.

என்ற பேரு கோகிலவாணி. பீளமேட்டுல ஒரு கம்பெனியில வெப்சைட் பண்ற வேலை. நேத்து மத்தியானம் வரைக்கும் வேலை. இப்ப இல்ல. அதைப் பத்தி எனக்கு ஒரு கவலையும் இல்லைங்க்கா, பதினோரு வருசம் கத்துக்கிட்டது கைய விட்டு எங்க போகப் போகுது.

உங்களுக்குப் புரியற மாதிரியே சொல்றேன். ஃபோன்ல ஒரு வெப்சைட்டைத் தொறந்தா உங்க கண்ணுக்கு என்னென்ன தெரியுதோ அதெல்லாம் என்ற வேலை. எழுத்து, கட்டம், பட்டன், பட்டனை அமுக்குனா வர்ற கலரு, எல்லாம். ஃப்ரண்ட் எண்டுன்னு சொல்லுவாங்க. பின்னாடி சர்வர்னு ஒண்ணு இருக்குது, நீங்க அனுப்பறதை வாங்கி எடுத்து வெக்கறது. அது தினகரனோட வேலை. கல்யாணத்துல பந்தி பரிமார்றது நானு, சமையக்கட்டுல நிக்கறது அவன். கொழம்புல உப்பில்லைன்னா சனம் யாரைத் திட்டும்? எலைக்கு முன்னாடி நிக்கறவளைத்தான். பதினோரு வருசமா இந்தத் திட்டு என்ற தலையிலதான்.

ஆறு மாசத்துக்கு முந்தி ஒரு அறக்கட்டளை எங்ககிட்ட வந்துச்சு. பேரு வேண்டாம். பொம்பளைகளுக்கு ஒம்பது மாசம் நர்சிங் உதவியாளர் பயிற்சி குடுக்கறாங்க. தங்கறது, சாப்பாடு எல்லாம் இலவசம், முடிச்சா வேலைக்கும் அவங்களே பொறுப்பு. அறுவது பேருக்குத்தான் எடம். அதுக்கு ஃபோன்லயே விண்ணப்பம் போடற மாதிரி ஒரு ஃபார்ம் பண்ணிக் குடுக்கணும். எனக்கு அது புடிச்ச வேலை. நகைக்கடைக்குப் பண்ணியிருக்கேன், பம்பு செட் கம்பெனிக்குப் பண்ணியிருக்கேன், அதெல்லாம் பளபளன்னு இருந்தாப் போதும். இது அப்படி இல்ல. மில்லுக்குப் போற பொண்ணு, காட்டு வேலைக்குப் போற பொண்ணு, ஓட்டை ஃபோன்ல, இருந்தும் இல்லாமயும் கெடக்கற சிக்னல்ல நிரப்பப் போற ஃபார்ம். ஒரு கட்டம் கஷ்டமா இருந்தாலும் மூடி வெச்சுட்டுப் போயிருவாங்க.

ஃபார்ம் முடிஞ்சா எனக்கு ஒரு பழக்கம் இருக்குது. ஆஃபீஸ் ஆளுகளைக் கூப்புட்டுக் காட்ட மாட்டேன். அவனுகளுக்கு எல்லாம் தெரியும், அதனால ஒண்ணும் தெரியாது. எங்க ஆஃபீஸைக் கூட்டித் தொடைக்கற பொன்னாத்தாக்காவை உக்கார வெச்சு, ஒரு பழைய ஃபோனைக் கையில குடுத்து, நிரப்புங்கக்கான்னு சொல்லிட்டுப் பின்னாடி நின்னுக்குவேன். வாயைத் தொறக்கக் கூடாது. சொல்லிக் குடுக்கக் கூடாது. எங்க முழிக்கறாங்க, எங்க விரல் நிக்குது, அதை மட்டும் பார்க்கணும். அந்தப் பத்து நிமிசம் வாயை மூடிட்டு நிக்கறதுதாங்க்கா என்ற பொழப்புலயே பெரிய கஷ்டம்.

பேரு போட்டாங்க. வயசு போட்டாங்க. ஊரு போட்டாங்க. நாலாவது கட்டம், ‘தந்தை / கணவர் பெயர்’. பக்கத்துல சின்னதா ஒரு சிவப்பு நட்சத்திரம். நட்சத்திரம் இருந்தா அதைக் கட்டாயம் நிரப்பணும், நிரப்பலைன்னா பட்டன் வேலை செய்யாது. அக்காவோட விரல் அங்கயே நின்னுபோச்சு. அவங்க ஊட்டுக்காரர் பதிமூணு வருசத்துக்கு முந்தி லாரிக்குப் போனவரு, திரும்பல. இருக்காரா இல்லையான்னே தெரியாது. அவங்க அப்பனுக்கோ இவங்க பொம்பளைப் புள்ளையாப் பொறந்ததே புடிக்கலையாம், அந்த ஆளு பேரைச் சொல்லவே கூசுதுன்னு ஒரு தடவை சொல்லியிருக்காங்க.  அப்பறம், பாத்ரூம் கழுவணும் அம்மிணி, பொறகு பண்றேன்னு எந்திரிச்சுப் போயிட்டாங்க. பொறகு வரவே இல்ல.

எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு கோவம். என்ற சொந்த விசயமெல்லாம் இதுல கலக்கலைங்க்கா. அதை நீங்க கேக்கவும் வேண்டாம், நான் சொல்லவும் வேண்டாம். கேஸ் கனெக்சன் மாத்தப் போனேன், கணவர் பேரு என்னன்னாங்க. பேங்குக்குப் போனேன், கணவர் பேரு. பல்லு புடுங்கப் போனேன், அங்கயும் கணவர் பேரு. என்ற கடவாப் பல்லுக்கும் அந்த ஆளுக்கும் என்ன சம்பந்தம் சொல்லுங்க. போச்சாது, விடுங்க. சொந்த விசயம் கலக்கலைன்னு சொன்னேன்ல.

நேராப் போயி முதலாளிகிட்டக் கேட்டேன். சௌந்தரராஜன் சாரு. நல்ல மனுசன்தான், ஆனா கஸ்டமர் என்ன சொன்னாலும் தலையாட்டுவாரு. அந்த நட்சத்திரத்தை எடுத்தர்லாம் சார், நெறயப் பொம்பளைக அங்கயே நின்னுருவாங்கன்னேன். அறக்கட்டளையில இருக்கற மேனேஜரம்மாகிட்ட ஃபோன் போட்டாரு. தகப்பன் பேரோ புருசன் பேரோ இல்லாம யாருங்க வரப்போறான்னு அந்தம்மா சிரிச்சுது. ஸ்பீக்கர்ல எனக்குக் கேட்டுச்சு. அதைத் தொடாதம்மான்னு சாரு சொல்லிட்டாரு.

நான் தொட்டேன். ஒரே ஒரு வார்த்தைங்க்கா, இங்கிலீசுல எட்டு எழுத்து. அழிச்சேன். நட்சத்திரம் போயிருச்சு, கட்டம் இருக்குது, வேணும்னா நிரப்பலாம், வேண்டாட்டி விட்டுட்டுப் போலாம். யார்கிட்டயும் சொல்லல. மறுநாள் பொன்னாத்தாக்காவை மறுபடி உக்கார வெச்சேன். அந்தக் கட்டத்தைத் தாண்டி விரல் சர்ருன்னு போச்சு. பாருங்க, சொல்லும்போதே எனக்குச் சிலுக்குது.

இன்னொண்ணும் பண்ணியிருந்தேன், அதையும் சொல்லணும். சிக்னல் இல்லாத ஊர்ல பட்டனை அமுக்குனா என்ன ஆகும்? ஒரு சக்கரம் சுத்திக்கிட்டே இருக்கும். சனம் பயந்துக்கும். பத்துத் தடவை அமுக்கும், இல்லைன்னா மூடிட்டுப் போயிரும். அதனால நான் சர்வர் பதில் சொல்ற வரைக்கும் காத்திருக்க விடல. அமுக்குன உடனே பச்சை டிக், ‘உங்கள் விண்ணப்பம் கிடைத்தது, நன்றி’. பின்னாடி அது பாட்டுக்குப் போயிட்டிருக்கும். சிக்னல் போயிட்டா மறுபடி தானா அனுப்பிக்கும். இது ஒண்ணும் ஏமாத்து வேலை இல்ல, பெரிய பெரிய கம்பெனிக்காரங்க எல்லாம் பண்றதுதான். நூத்துல தொண்ணூத்தொம்பது தடவை போய்ச் சேர்ந்துரும், அப்பறம் எதுக்குச் சனத்தைக் காக்க வெக்கணும்?

இப்பத்தான் வருது விசயம். பட்டனை எத்தனை பேரு அமுக்குனாங்கன்னு நான் தனியா ஒரு எண்ணிக்கை வெச்சிருப்பேன். திங்கக்கெழமை பார்க்கறேன், என்ற பக்கம் முந்நூத்தி அம்பத்து மூணு. அறக்கட்டளைக்குப் போய்ச் சேர்ந்தது முந்நூத்திப் பன்னெண்டு. நாப்பத்தோரு பேரைக் காணோம்.

தினகரனை உலுக்கிக் கேட்டா அவன் சாவகாசமா சொல்றான், அந்தப் பேரு இல்லாம வந்ததையெல்லாம் சர்வர் திருப்பிருச்சுக்கா, அது கட்டாயம்தானேன்னு. நான் என்ற பக்கம் எடுத்துட்டேன். அவன் பக்கம் அந்தக் கட்டாயம் அப்படியே இருக்குது. திருப்பி அனுப்பிச்சா எனக்குத் தெரியணும்ல? சிக்னல் போனா என்ன பண்றதுன்னு எழுதி வெச்சிருந்தேன். சர்வரு வேண்டாம்னு சொன்னா என்ன பண்றதுன்னு எழுதல. யாராவது எழுதுவாங்களா? கட்டாயம்ங்கறதே இல்லைன்னு நான் நெனச்சிட்டிருக்கும்போது?

நாப்பத்தோரு பேரும் கட்டத்தைக் காலியா விட்டவங்க. நாப்பத்தோரு பேருக்கும் பச்சை டிக் காட்டியிருக்கேன். கெடைச்சிருச்சு, நன்றின்னு. இருந்த வேலைய வேண்டாம்னு சொல்லிட்டு நின்னுக்கிட்டவளும் அதுல இருந்திருப்பா. புள்ளையை எங்க விடறதுன்னு ஏற்பாடு பண்ணி வெச்சவளும் இருந்திருப்பா.

தப்பு தினகரன் மேலதான். அவன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். நான் அவன்கிட்டச் சொல்லலையேன்னு நீங்க கேக்கலாம். சொல்லியிருந்தா அவன் நேரா சார்கிட்டப் போய் நின்னிருப்பான், சரியான பயந்தாங்கொள்ளி. ஆனா ஒண்ணு, திருப்பி அனுப்புனதை எல்லாம் அந்த சர்வர் ஒரு ஓரமா எழுதி வெச்சிருந்துச்சு. பேரு, ஊரு, விலாசம், ஃபோன் நம்பரு. அந்த லிஸ்ட்டை யாருக்கும் தெரியாம எனக்கு அனுப்பிச்சது அவன்தான்.

சார்கிட்டப் போனேன். மறைக்கல, எல்லாத்தையும் சொன்னேன்.  கட்டத்தை நிரப்பாதது அவங்க தப்பு, அப்படியே விட்டுரு, வெள்ளிக்கெழமையோட முடிஞ்சுரும்னாரு. அறக்கட்டளைக்குத் தெரிஞ்சா அடுத்த வேலை வராதுங்கற பயம். நான் விட மாட்டேன்னேன். விடலைன்னா வேலைக்கு வராதன்னாரு. செவ்வாய், புதன், ரெண்டு நாளும் ஆஃபீஸ் மொட்டை மாடியில நின்னு ஒவ்வொரு நம்பரா ஃபோன் பண்ணேன். வியாழக்கெழமை என்ற ஆஃபீஸ் கார்டை வாங்கி வெச்சுக்கிட்டாரு. அவர் சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டாரு, நானும் சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டேன்.

ஃபோன் பண்ணி என்ன சொல்றது? மறுபடி நிரப்புங்க, அந்தக் கட்டத்துல ஏதாவது ஒரு பேரைப் போட்டாத்தான் போகும்னு சொல்லணும். யார் பேரைப் போடறதும்மான்னு மொத ஆளே கேட்டுச்சு. எனக்கு அந்த எடத்துல சட்டுனு வாயில வந்துருச்சு. என்ற பேரைப் போடுங்க. கோகிலவாணின்னு போடுங்க. எவன் கேக்கறான்னு பார்க்கறேன்னேன். சர்வருக்கு என்ன தெரியும், எழுத்து இருந்தா வாங்கிக்கும். அப்பறம் எல்லார்கிட்டயும் அதையே சொன்னேன். சரிங்க மேடம், சரிங்க மேடம்னு நாப்பது பேரும் போட்டாங்க. ஒருத்தர்கூட எதுத்துப் பேசலைங்க்கா. எனக்கே பெருமையா இருந்துச்சு. நாப்பது பொம்பளைகளுக்கு அப்பனும் நான்தான், புருசனும் நான்தான்.

நாப்பத்தோராவது ஆளு இந்த அம்சவேணி. கயித்துக் கம்பெனியில தேங்கா நார் திரிக்கற வேலை, ஆறு வயசுல ஒரு பொண்ணு. மொதத் தடவை பேசுனப்ப எல்லாத்தையும் பொறுமையா கேட்டுச்சு. யோசிச்சு சொல்றேன்னுச்சு. நேத்து சாயங்காலம் மறுபடி கூப்புட்டா என்ன சொல்லுதுங்கறீங்க?

“அந்தக் கட்டத்தை விட்டுட்டுப் போடலாம்னு இருந்துச்சு, அதனாலதான் நான் போட்டேன். மறுபடி ஒரு பேரைப் போடுன்னா எனக்கு வேண்டாங்க.”

ஒரு பேருதானம்மா, அதுவும் என்ற பேருதான், நான் என்ன உன்னைக் கட்டிக்கவா போறேன்னு வெளையாட்டாச் சொன்னேன். அவ சிரிக்கல.

“உங்க பேரு எனக்கெதுக்குங்க?”

அவ்வளவுதான், வெச்சுட்டா. அப்பறம் ஃபோன் சுவிட்ச் ஆஃப். இன்னிக்குக் காத்தால இருந்து அதேதான். என்ன திமிரு பார்த்தீங்களா? நான் வேலையை விட்டுட்டு நிக்கறேன், நாப்பது பேரு கேட்டாங்க, இவளுக்கு மட்டும் என்ன ஒசத்தி? எங்கம்மா என்னையப் புடிவாதக்காரின்னு திட்டும், இவளைப் பார்த்திருந்தா என்னையக் கையெடுத்துக் கும்புட்டிருக்கும். இப்பப் போயி நேர்ல உக்காந்து, லேப்டாப்பை மடியில வெச்சு, அவளைப் போட வெக்கலைன்னா என்ற பேரு கோகிலவாணி இல்ல.

என்ன கேட்டீங்க? சத்தமாச் சொல்லுங்க, ஆரன் அடிக்கறான்.

அந்தப் புள்ளைக்கு என்னதான் வேணும்னா? என்னங்க்கா, இவ்வளவு நேரம் அதைத்தானே சொல்லிட்டிருக்கேன். அவளுக்குக் கட்டத்தைக் காலியா விடணும். வேறென்ன. காலியா விட்டு, அது போய்ச் சேரணும்.

அதுக்குத்தான் நானும் நட்சத்திரத்தை எடுத்தேன்.

இருங்க. ஒரு நிமிசம் இருங்க்கா. நான் அழிச்ச நட்சத்திரத்தை நானே நாப்பது பேருக்கு ஃபோன் பண்ணித் திருப்பி வெச்சிருக்கேன். அந்த மேனேஜரம்மா கேட்டது ஏதோ ஒரு பேரு. நான் குடுத்ததும் ஏதோ ஒரு பேரு. தப்புன்னு சொல்லல. அன்னிக்கு அதுதான் தோணுச்சு. ஆனா நேத்துல இருந்து இவளை இவ்வளவு திட்டறேனே, என்ற வேலையைச் சரியாப் புரிஞ்சுக்கிட்டவ இவ ஒருத்திதான் போலிருக்குது.

மணி என்ன? மூணு முப்பத்தஞ்சா? பையைக் கொஞ்சம் புடிங்க, ஒரு ஃபோன் பண்ணிக்கறேன்.

தினகரா, எங்க இருக்க? சரி, டீக்குடிச்சது போதும், மேல போ. உன்ற பக்கம் இருக்கற அந்தக் கட்டாயத்தை எடு. எந்தக் கட்டாயம்னு உனக்குத் தெரியும். இல்ல, நாளைக்கு இல்ல, இப்ப. அஞ்சு மணி வரைக்கும் தொறந்து வெச்சாப் போதும். சாருக்குத் தெரிஞ்சா? கோகிலவாணி ஃபோன்ல மெரட்டுனான்னு சொல்லு. பொய் இல்லையே, மெரட்டிட்டுத்தான் இருக்கேன். உனக்கு ரெண்டு தங்கச்சி இருக்குது, எனக்குத் தெரியும். நான் உன்னைய வேலையை விடச் சொல்லல. தினகரா, நான் உன்கிட்டச் சொல்லாம என்ற பக்கம் எடுத்தேன். அன்னிக்கே சொல்லியிருக்கணும். இப்பச் சொல்றேன். எடுத்துட்டுக் கூப்புடு.

வெச்சுட்டான். பண்ண மாட்டான்க்கா. அவனைப் பத்தி எனக்குத் தெரியும். கண்ணாடியைத் தொடைப்பான், தண்ணி குடிப்பான், அப்பறம் சார் ரூமைப் பார்ப்பான். நான் வேற வழி பார்க்கணும். அந்த மேனேஜரம்மா நம்பரு இருக்குது, நேரா அதுகிட்டயே சண்டை போடலாம். என்ன பண்ணிரும்? வேலையைத்தான் புடுங்குவாங்க, அதைத்தான் ஏற்கெனவே புடுங்கியாச்சே.

உங்க கையைக் கெட்டியாப் புடிச்சுட்டிருக்கேனா? மன்னிச்சுக்கங்க. பழக்கமில்லாத ஆளு கைன்னு மறந்துட்டேன்.

அவன்தான் கூப்புடறான். சொல்லு. எடுத்துட்டயா? நெசமாவா? காலியா ஒண்ணு அனுப்பிப் பார்த்தயா? உன்ற கண்ணால பார்த்தயா, போய்ச் சேர்ந்துச்சா? என்ற பச்சை டிக்கைச் சொல்லாத, உன்ற பக்கம் வந்துச்சா, அதைச் சொல்லு. சரி. சரிடா. என்னது? மத்த நாப்பது பேரு கட்டத்துல இருக்கற என்ற பேரையும் அழிச்சரட்டுமான்னா? வேண்டாம். அவங்களைக் கேக்காம எதையும் தொடாத. நான் அவங்களைக் கேக்கவே இல்ல, நீயும் அதையே பண்ணாத. நாளைக்கு ஒவ்வொருத்தரா நான் கேட்டுக்கறேன்.

எடுத்துட்டான்க்கா. பயந்தாங்கொள்ளின்னு சொன்னேன்ல, அதுல பாதியைத் திருப்பி எடுத்துக்கறேன். பயம் போகல அவனுக்கு. ஆனாலும் எடுத்துட்டான்.

கண்ணுல ஒண்ணும் இல்ல, தூசி. சன்னலைச் சாத்தாதீங்க, காத்து வரட்டும்.

அதா தெரியுது பாருங்க குண்டடம். எறங்கி ரெண்டு கிலோமீட்டர் நடக்கணும்னு ஃபோன் மேப்புல போட்டிருக்குது, ஆட்டோ கெடைச்சா நாலு மணிக்குள்ள போயிருவேன். அவ கதவைச் சாத்துனா வாசப்படியில உக்காந்துக்குவேன். என்ற ஃபோனை அவ கையில குடுத்துட்டு வாயை மூடிட்டுப் பின்னாடி நிப்பேன். அவளே நிரப்பட்டும், அவளே விட்டுட்டுப் போகட்டும், அவளே அமுக்கட்டும். பச்சை டிக் வந்தா, அதை நம்பாத கண்ணு, கொஞ்சம் இருன்னு மட்டும் சொல்லுவேன். தினகரன் கூப்புட்டு வந்துருச்சுன்னு சொன்ன பொறகுதான் அந்த வாசலை விட்டு எந்திரிப்பேன். இதை மன்னிப்புன்னு நீங்க நெனச்சா நெனச்சுக்கங்க, நான் அப்படிச் சொல்லல.

கண்டக்டர், குண்டடம் ஒரு ஆளு. வழி விடுங்க்கா, வர்றேன். நாளைக்குக் காத்தால அந்த மேனேஜரம்மா லிஸ்ட்டைத் தொறப்பாங்க. நாப்பது கட்டத்துல என்ற பேரு இருக்கும், ஒரு கட்டம் காலியா இருக்கும். எது தப்புன்னு அவங்களே கண்டுபுடிக்கட்டும்.